அம்மாவின் பேருந்தில் முதல் இருக்கை

அப்பாவின் மஞ்சள் துணியைக் காணவில்லை.

காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிற துணி அது. அப்பா காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தன் கருவிப்பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தார். ஸ்பேனர்கள் மட்டும் கலகலவென்று விழுந்தன.

"துணி கிடக்கட்டும்ப்பா. கிளம்பலாம். அம்மா பஸ்ஸ எடுத்துடுவாங்க."

"கார்ல போறோம் நட்டு. பறந்துடலாம். அதுக்கு முன்னாடி கண்ணாடி சுத்தமா இருக்கணும்ல?"

நட்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. மூன்று வயதில் ஒரு பொம்மை லாரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு நட்டை மட்டும் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் நட்டுதான். இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெயர் மாறவில்லை. எதைப் பார்த்தாலும் "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்கிற பழக்கமும் மாறவில்லை.

இன்று அம்மா முதன்முறையாகத் தனியாகப் பேருந்து ஓட்டப்போகிறார். நகரப் பேருந்து நிலையத்தில் தொடங்கி, சந்தை, மருத்துவமனை, நூலகம் வழியாகத் துறைமுகம் வரை போகிற பேருந்து.

அம்மாவின் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. புது ஓட்டுநர் தனியாக வண்டி எடுக்கும் முதல் ஓட்டத்தில், அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை அவருடைய வீட்டு ஆட்களுக்குத்தான். வீட்டு ஆட்கள் வராவிட்டால் அங்கே மேலாளர் உட்காருவார். மேலாளர் நல்ல மனிதர். ஆனால் வழி முழுக்க "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வருவார். சாலையில் ஒரு காகம் நடந்து போனாலும் "பாத்து"தான்.

"அவர் பின்னாடி உக்காந்து 'பாத்து பாத்து'ன்னா எனக்கு ஸ்டியரிங்கே மறந்துடும். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துடணும்" என்று அம்மா காலையில் கிளம்பும்போது சொல்லியிருந்தார்.

"வந்துடறோம்மா" என்று நட்டு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடைசியில் அப்பா தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்பா நன்றாகக் கார் ஓட்டுவார். இதற்கு முன் அவர்கள் இருந்தது ஒரு சின்ன நகரம். அங்கே அவர் பிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டில் பிரிட்ஜ் நின்றுபோனாலும், உள்ளே இருக்கும் ஐஸ் உருகுவதற்குள் போய் நிற்பார். எந்தச் சந்து எங்கே முட்டும், எந்தச் சிக்னலில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஊரில் பேருந்தும் இருந்தது. ஆனால் அது வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். அங்கே பேருந்துக்குக் காத்திருந்தால் ஐஸ் மட்டுமா, பிரிட்ஜே உருகிப்போகும்.

இந்தப் புது நகரம் வேறு மாதிரி. வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அப்பாவுக்கு இன்னும் அது பழக்கமாகவில்லை.

மேம்பாலத்தில் ஏறியதும் கார் நின்றுவிட்டது. முன்னாலும் கார், பின்னாலும் கார். அப்பா கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தார். பேருந்து நிலையம் வரைக்கும் சாலை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"இப்ப நகர்ந்துடும்" என்றார்.

நகரவில்லை.

காருக்குப் பக்கத்தில், சாலையோரமாக, சிவப்பு வண்ணம் பூசிய ஒரு தடம் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு பேருந்து வழுக்கிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று.

"அந்த வழி சும்மாதானே கிடக்கு?" என்றார் அப்பா.

"அது பஸ்ஸுக்கு மட்டும்ப்பா. இப்ப போன பஸ்ல இருந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு கார்ல வந்திருந்தா, இந்த வரிசை நம்ம வீட்டு வாசல் வரைக்கும் நிக்கும். அதனாலதான் அவங்களுக்குத் தனி வழி."

அப்பா காரின் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்து நிலையத்தில் அம்மாவின் வண்டி கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. அவர் முகம் வாடிப்போனது.

"பறந்துடலாம்னு உங்கிட்ட சொன்னேன். இங்க ஊர்ந்துகூடப் போக முடியல."

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைகள் நட்டுவின் நாக்கு நுனிக்கு வந்தன. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். அதைச் சொன்னால் கார் நகர்ந்துவிடுமா என்ன?

அதற்குப் பதிலாக யோசித்தாள். கிளம்பிப்போன பேருந்தைப் பின்னால் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் அது எந்த வழியாகப் போகும் என்று தெரியும். அப்படியானால் அதற்கு முன்னாலேயே போய் நின்றுகொள்ளலாம்.

"அப்பா, பாலத்துலேருந்து இறங்கினதும் ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. அங்க கார விட்டுடலாம். அம்மா பஸ் சந்தை, மருத்துவமனைன்னு சுத்திக்கிட்டுதான் போகும். ரயில் நேரா போகும். ரெண்டாவது ஸ்டேஷன்ல இறங்கினா நூலகம். பஸ் அங்க வர்றதுக்குள்ள நாம போய் நின்னுடலாம்."

"கார வச்சுக்கிட்டு ரயில்ல போறதா?"

"கார் போற வரைக்கும் கார். அதுக்கப்புறம் ரயில். ஆனா ஒரு சிக்கல்ப்பா. ஸ்டேஷன் பார்க்கிங் எப்பவும் நிறைஞ்சிருக்கும். ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரே ஒரு எடம்தான் காலியா கிடக்கும். அங்க விடறதுக்கு எல்லாரும் பயப்படுவாங்க. ஸ்கூல் போறப்ப நான் தினமும் பாக்கறேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூண் எவ்வளவு நெருக்கம்?"

"ரொம்ப நெருக்கம்."

பாலத்திலிருந்து இறங்கியதும் அப்பா வண்டியை ரயில் நிலையத்துப் பக்கம் திருப்பினார். தூண்களை ஒருமுறை பார்த்தார். பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். பின்னோக்கி, ஒரே மூச்சில், வண்டியை உள்ளே நுழைத்து நிறுத்தினார். காவலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"உங்கள மாதிரி யாராலயும் முடியாதுப்பா" என்றாள் நட்டு. அது உண்மைதான்.

நடைமேடையில் ரயில் வருகிற சத்தம் கேட்டது. அப்பா அருகில் இருந்த பெட்டியை நோக்கி ஓடினார்.

"அதுல வேணாம்ப்பா, கடைசிப் பெட்டிக்கு வாங்க."

"எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்துலதானே போய்ச் சேரும்?"

"சேரும். ஆனா நூலகம் ஸ்டேஷன்ல படிக்கட்டு கடைசிப் பெட்டிக்கு நேரா இருக்கு. முன்னாடி ஏறினா, இறங்கினதுக்கு அப்புறம் அவ்வளவு தூரமும் கூட்டத்துல திரும்பி நடக்கணும்."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம பழைய ஊர்ல எந்தச் சிக்னல்ல எந்த வரிசைல நிக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா சிரித்துவிட்டார். "அது சரி."

நட்டு சொன்னபடியே ஆயிற்று. கதவு திறந்ததும் எதிரிலேயே படிக்கட்டு. இரண்டு இரண்டு படிகளாகத் தாவி ஏறி வெளியே வந்தார்கள். எதிரே நூலகத்தின் பெரிய கட்டடம். அதன் வாசலில் பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தில் நிற்க இடமில்லாமல் ஒரே கூட்டம்.

அப்பா மூச்சு வாங்கினார். "பஸ் போயிடுச்சுபோல."

"போயிருந்தா இவ்வளவு பேர் நிக்கமாட்டாங்களேப்பா. ஏறிப் போயிருப்பாங்க. பஸ் இப்பதான் போச்சுன்னா ஸ்டாப் காலியா இருக்கும்."

பூந்தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஓர் அக்கா திரும்பினார். "பாப்பா சொல்றது சரிதான். துறைமுகம் பஸ் ஒண்ணும் வரல. நின்னு நின்னு என் செடி ஒரு இலை அதிகமாவே வளந்துடுச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள், தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது. நெற்றியில் 'துறைமுகம்' என்று எழுதியிருந்தது. நட்டு எட்டிப் பார்த்தாள். பேருந்து அருகில் வந்தது. உள்ளே ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுநர் இருக்கையில் பெரிய மீசை வைத்த ஒருவர் இருந்தார்.

அது அம்மா இல்லை.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. அப்பா நட்டுவின் கையைப் பிடித்தார். "அம்மா முன்னாடியே போயிருக்கணும். வா, இதுல ஏறி, துறைமுகத்துல போயாவது பாத்துடலாம்." அவருடைய ஒரு கால் படியில் ஏறிவிட்டது.

"ஏறாதீங்கப்பா."

"ஏன்?"

"இது லேட்டா வந்த பஸ். அம்மா இதுக்குப் பின்னாடிதான் வர்றாங்க. பக்கத்துலயே வர்றாங்க."

"உனக்கு எப்படி—"

"ஒரு பஸ் எங்கயாவது கொஞ்சம் லேட்டாயிடுச்சுன்னு வைங்க. அடுத்த ஸ்டாப்ல அதுக்குள்ள கூட்டம் சேந்துடும். கூட்டம் ஏறி இறங்க நேரமாகும். அதனால பஸ் இன்னும் லேட்டாகும். அதுக்கடுத்த ஸ்டாப்ல இன்னும் பெரிய கூட்டம். ஆனா பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஏத்திக்க ஆளே மிச்சம் இருக்காது. அது நிக்காம சீக்கிரம் சீக்கிரம் வந்து, முன்னாடி போற பஸ்ஸ நெருங்கிடும். அதனாலதான் ரொம்ப நேரம் ஒண்ணும் வராம, அப்புறம் ரெண்டு பஸ் சேந்தாப்பல வருது. எங்க ஸ்கூல் ஸ்டாப்ல நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"ஏறுறதா இருந்தா ஏறுங்க சார், இல்லன்னா வழிய விடுங்க" என்றார் நடத்துநர்.

அப்பா பேருந்தைப் பார்த்தார். நட்டுவைப் பார்த்தார். நட்டு அசையாமல் நின்றாள். கணக்கு சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா காலைக் கீழே வைத்தார்.

மீசைக்காரரின் பேருந்து புறப்பட்டுப் போனது. நிறுத்தத்தில் அப்பா, நட்டு, பூந்தொட்டி அக்கா மூவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நீங்க ஏன்க்கா ஏறல?" என்று நட்டு கேட்டாள்.

"நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுதே. உக்காந்து போகலாம்னா நான் ஏன் செடியோட நசுங்கணும்?"

தெருமுனை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு சைக்கிள் வந்தது. ஒரு கார் வந்தது. அப்பா காலை மாற்றி மாற்றி வைத்தார்.

அப்போது, முனையில் ஒரு பேருந்து நிதானமாகத் திரும்பியது. ஒரு குலுக்கல் இல்லை. நெற்றியில் 'துறைமுகம்'. உள்ளே பாதிக்கு மேல் காலி. முன்கண்ணாடி பளபளவென்று மின்னியது. அதன் ஓரத்தில், மடித்து வைத்த ஒரு மஞ்சள் துணி.

"என் துணி" என்றார் அப்பா.

"நம்ம அம்மா" என்றாள் நட்டு.

கதவு திறந்தது. "பாத்து, பாத்து, ஸ்டாப் வந்துடுச்சு, பாத்து" என்ற குரல்தான் முதலில் வெளியே வந்தது. முதல் இருக்கையில் மேலாளர் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா திரும்பினார். வெளிறிப்போயிருந்த அவர் முகம், இருவரையும் கண்டதும் மலர்ந்தது.

"சார், எங்க வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க" என்றார் அம்மா.

மேலாளர் எழுந்து இடம் கொடுத்தார். "நல்லதாப் போச்சு. பாத்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்விட்டார்.

ஓட்டும்போது அம்மாவிடம் பேசக் கூடாது. அதனால் நட்டு பேசவில்லை. மேலே இருந்த கண்ணாடியில் அம்மாவின் கண்கள் தெரிந்தன. அவை ஒருமுறை அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாலைக்குத் திரும்பிக்கொண்டன. ஸ்டியரிங்கை அம்மா இப்போது தளர்வாகப் பிடித்திருந்தார்.

ஆனால் அப்பாவின் வலது கால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் தரையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லப்பா" என்று நட்டு கிசுகிசுத்தாள்.

ஒரு வளைவில் அப்பாவின் வாய் தானாகத் திறந்தது. "பா—" என்று தொடங்கினார். நட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

பார்க்க நிறைய இருந்தது. ஒரு பழைய கட்டடத்தின் கூரையில் வரிசையாகப் புறாக்கள். மாடியில் ஒருவர் டிரம்பெட் பழகிக்கொண்டிருந்தார். தெருவின் கடைசியில் கப்பலின் புகைக்குழாய். ஓட்டுகிறவருக்கு இவையெல்லாம் தெரியாது என்பது அப்பாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

துறைமுகத்தில் பேருந்து மெதுவாக நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பூந்தொட்டி அக்கா இறங்கும்போது, "செடிகூட ஆடல டிரைவரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நூலகத்துல எப்படி வந்து நின்னீங்க?"

"எல்லாம் நம்ம நட்டு கணக்கு" என்றார் அப்பா. "கார ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தோம். அது சரி, என் மஞ்சள் துணிய யாரக் கேட்டு எடுத்த?"

"உங்கள மாதிரி நானும் கண்ணாடியத் துடைச்சுட்டுத்தான் வண்டி எடுப்பேன்" என்றார் அம்மா சிரித்துக்கொண்டே. "சரி, இறங்குங்க. அந்த சீட்டு முதல் ஓட்டத்துக்கு மட்டும்தான். நான் இதே வழில திரும்பிப் போகணும்."

நட்டு எழுந்தாள். "வாங்கப்பா, கார எடுக்கப் போகலாம்."

அப்பா எழுந்திருக்கவில்லை. நடத்துநரைக் கைகாட்டி அழைத்து, "நூலகத்துக்கு ரெண்டு டிக்கெட்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.