ஈரத்தோடு மாட்டாதே!

காவல் நிலையத்தில் தொலைபேசி அலறியது.

"ஹலோ... போலீஸா?"

"ஆமா, சொல்லுங்க."

"இங்க ஒருத்தன்... தலை இல்ல சார்!"

"தலை இல்லையா?!"

"இருக்கு... ஆனா இருந்த மாதிரி இல்ல!"

கான்ஸ்டபிள் கடிகாரத்தைப் பார்த்தார். பகல் பதினொன்று ஐம்பத்தைந்து. சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் எப்போதும் யாராவது சாகிறார்கள்!

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இன்ஸ்பெக்டர் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். கான்ஸ்டபிள் தன் தொப்பையைச் சமாதானப்படுத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தார்.

கதவு திறந்தே இருந்தது.

கல்லூரிப் பையன்கள் வாடகைக்கு எடுத்த வீடு. பார்த்தாலே தெரிந்தது. தரையில் மெத்தைகள். நாற்காலி முதுகில் காயும் ஜீன்ஸ். இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். திரைச்சீலைக்குப் பதில் ஜன்னலில் ஒரு நீலப் போர்வை. வெயில் அதன் வழியே இறங்கி, வீட்டையே கடலுக்கடியில் கிடக்கும் கப்பலாக்கியிருந்தது.

அந்த நீலத்தில், சமையலறைத் தரையில் பரவியிருந்த ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

அவன் குப்புறக் கிடந்தான். ஆறடி உயரம். ஜிம்மில் செதுக்கிய தோள்கள். பின்மண்டை உள்ளே போயிருந்தது. ஒரு காது, காது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கச் சிவப்புத் தெறிப்பு.

"எத்தனை அடி டாக்டர்?" உடலைச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ் டாக்டரிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒன்பது வரைக்கும் எண்ணினேன் மேடம். அதுக்கு மேல எண்ண மண்டையில இடமில்ல."

"எதால?"

"இரும்பு. நல்ல கனம். வளைஞ்ச விளிம்பு. பத்து மணியில இருந்து பத்தரைக்குள்ள."

கூடத்தில் இரண்டு பையன்கள் மெத்தை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவனுக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. அவன் சட்டையெல்லாம் ரத்தம்! கை, கழுத்து, மோவாய்... எங்கும் ரத்தம்!

"உன் பேரு?"

"புதுசுன்னு கூப்பிடுவாங்க மேடம். முதல் வருஷம். இந்த வீட்டுக்கு வந்து மூணு வாரம்தான் ஆச்சு."

"செத்தவன்?"

"டான். கடைசி வருஷம். வீடு அவன் பேர்லதான் இருக்கு."

"சட்டையில என்ன?"

"தூக்கிப் பார்த்தேன் மேடம். உயிர் இருக்கான்னு... தலையை மடியில வச்சேன். அது... கையோட வந்த மாதிரி இருந்துச்சு..."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பத்து மணிக்கு எங்க இருந்தே?"

"க்ளாஸுக்குப் போகல. பார்க் பெஞ்சுல தூங்கிட்டேன்."

"கல்லூரிக்குன்னு கிளம்பி, பெஞ்சுல தூங்கினியா?"

"வீட்டுல தூங்க விட்டாத்தானே மேடம்!"

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கை வரை சிகரெட் சுட்ட வட்டங்கள். சில பழசு. சில இன்னும் காயவில்லை.

கான்ஸ்டபிள் உச்சுக்கொட்டினார்.

இரண்டாமவன் குரல் கொடுத்தான். ஒல்லி. தடித்த கண்ணாடி, ஒரு பக்கக் காம்பில் ஒட்டுநாடா. இரண்டு வருடமாக இதே வீட்டில் இருக்கிறான். எல்லோரும் அவனைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தான்.

"கையில என்னப்பா?"

"டீ கொட்டிடுச்சு மேடம். நான் எட்டு மணிக்கே லைப்ரரிக்குப் போயிட்டேன். இவன் போன் பண்ணித்தான் வந்தேன்." அவன் தயங்கினான். "சொல்லலாமான்னு தெரியல... நேத்து டான் இவன் முடியைப் பிடிச்சு சுவத்துல மோதினான். அப்ப இவன் சொன்னான்... 'ஒருநாள் உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு."

"டேய்!" புதுசு துள்ளி எழுந்தான். "அது சும்மா வாயில வந்தது! நீயும்தானே தினமும் சொல்லுவே!"

"நான் மனசுக்குள்ளதானே சொல்லுவேன்?"

இன்ஸ்பெக்டர் மீண்டும் சமையலறைக்குள் போனார். ஃப்ரிட்ஜ் கதவில், ரத்தத் தெறிப்புக்கு நடுவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டு வேலைப் பட்டியல். கூட்டுவது: புதுசு. துடைப்பது: புதுசு. சமையல்: புதுசு. காலைச் சிற்றுண்டி: கண்ணாடி. கழிப்பறை: கண்ணாடி. மேற்பார்வை: டான்.

"நம்ம ஸ்டேஷன் மாதிரியே இருக்கு மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. டம்ளருக்குள் பூஞ்சை. கரண்டியில் காய்ந்த ஏதோ ஒன்று.

ஆனால்... மேலே, ஆணியில் தொங்கிய இரும்பு வாணலி மட்டும் பளபளத்தது!

"கையுறை."

இறக்கிப் பார்த்தார். கழுவியிருந்தது. கழுவியதோடு விடவில்லை, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, உள்ளும் புறமும் மெல்லிசாக எண்ணெய் தடவியிருந்தது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணியின் இடுக்கில் மட்டும் இரண்டு முடி. முடியோடு ஒரு துணுக்குத் தோல்.

"ஆயுதம் கிடைச்சாச்சு!"

கூடத்துக்கு வந்து வாணலியைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரோடது?"

புதுசின் முகம் வெளுத்தது.

"என்னோடது. வீட்டை விட்டுக் கிளம்புறப்ப அம்மா குடுத்தாங்க."

"எண்ணெய் தடவி வைக்க யாரு சொல்லிக் குடுத்தது?"

"அம்மாதான்... தினமும் மதியம் அவங்க போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் சமைப்பேன்."

"விலங்கு போடுங்க."

க்ளிக்!

அந்தச் சின்னச் சத்தத்தில் ஒரு வாழ்க்கை பூட்டிக்கொண்டது. பதினெட்டு வயது. வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும்.

அதே நொடி அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில்: அம்மா.

இன்ஸ்பெக்டர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், குக்கரை ஏத்திட்டியா? ரெண்டு விசில் போதும்னு சொன்னேன்ல? போன தடவை மாதிரி கஞ்சியாக்கிடாதே. ஏன்டா பேச மாட்டேங்கிறே?"

"அம்மா, நான் போலீஸ் பேசறேன்."

மறுமுனையில் தையல் இயந்திரங்கள் ஓடும் ஓசையைத் தாண்டி அவள் குரல் வந்தது.

"என் பிள்ளை உயிரோட இருக்கானா?"

"இருக்கான். கொலைக் கேஸ்ல இருக்கான்."

தாய் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். வேலை செய்யும் தையல்கூடத்தில் இருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கழுத்தில் அளவெடுக்கும் நாடா இன்னும் தொங்கியது. உடலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். ரத்தம் மட்டும் அங்கேயே உறைந்து கிடந்தது.

மகன் கையில் விலங்கைப் பார்த்தாள். சட்டை ரத்தத்தைப் பார்த்தாள். சுருட்டிய சட்டைக் கைக்குக் கீழே தெரிந்த சுட்ட வடுக்களைப் பார்த்தாள்.

அழவில்லை.

"மேடம், அவனை விட்டுடுங்க. நான்தான் கொன்னேன்."

"அம்மா!" புதுசு கத்தினான்.

"நீ வாயை மூடு! பெரியவங்க பேசறோம்ல?" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "காலையில வந்தேன். என் பிள்ளையை இப்படிச் சுட்டிருக்கான்னு தெரிஞ்சது. குத்திட்டேன்."

"குத்தினீங்களா?"

"ஆமா. கத்தியால. வயித்துல. மூணு குத்து."

"அவனை அடிச்சுக் கொன்னிருக்காங்கம்மா. மண்டையில. ஒன்பது அடி."

"...குத்தினதுக்கு அப்புறம் அடிச்சேன்."

கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா," இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது, "பெத்தவங்க பொய் சொன்னா எனக்குக் கோபம் வராது. ஆனா சட்டத்துக்கு வரும். உங்க பையன் பத்து மணிக்கு எங்க இருந்தான்னு சொல்ல சாட்சி இல்ல. உடம்பு பூரா ரத்தம். கொன்னது நீங்க குடுத்த வாணலியால. அடிச்சு முடிச்சு, நீங்க கத்துக்குடுத்த மாதிரியே கழுவி, அடுப்புல காயவச்சு, எண்ணெய் தடவி மாட்டியிருக்கான்."

தாய் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"எண்ணெய் தடவி..."

"யாரு? இவனா?"

அவள் கண்களில் ஏதோ எரிந்தது.

"வாணலியைக் காட்டுங்க!"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வாணலியை இரண்டு கையாலும் வாங்கினாள். சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு... சிரிக்க ஆரம்பித்தாள்! கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்!

"என் பிள்ளை இல்ல மேடம்! சத்தியமா இவன் இல்ல! இவன் சோம்பேறி!"

"அம்மா..."

"சும்மா இருடா! மேடம், இவன் சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டான். குளிச்ச துண்டைப் பிழிய மாட்டான். மூணு வாரத்துல மூணு தடவை இந்த வாணலியைத் துருப்பிடிக்க விட்டிருக்கான். போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்புன்னு தொண்டை கிழியக் கத்துவேன். இவன் போனைப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். வரிசையாகப் படங்கள். செம்மண் பூசியது போல் துருப்பிடித்த வாணலி. கடைசிப் படம் நேற்று ராத்திரி எடுத்தது. அதற்குக் கீழே தாய் அனுப்பிய செய்தி: 'நீ உருப்படவே மாட்டே.'

"உயிர் போற பயத்துல நிக்கிறவன், ஒருநாளும் இல்லாத திருநாளா இன்னிக்குத்தான் எண்ணெய் தடவுவானா?" என்றாள் தாய். "பழகின கைதான் தடவும்."



"அப்ப யாரு பழகினது?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

தாயின் பார்வை மகனைத் தாண்டியது. சிரிப்பு அணைந்துபோனது.

"நான் போன்ல சொல்லும்போது பக்கத்துல ஒரு குரல் கேக்கும். உப்பு எவ்வளவு ஆன்ட்டி... எண்ணெயைச் சூட்டோட தடவணுமா ஆன்ட்டி... இவன் கேக்கவே மாட்டான். அந்தப் பிள்ளைதான் எல்லாம் கேக்கும்."

கண்ணாடி அசையவில்லை.

"தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர், "எட்டு மணிக்கு லைப்ரரிக்குள்ள போனேன்னு சொன்னே. அங்க வாசல் கேமராவைக் கேட்டா, அதுவும் எட்டு மணின்னுதான் சொல்லுமா?"

கண்ணாடி வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கைக்குட்டையை அவிழு."

அவிழ்த்தான். உள்ளங்கையில் தோலே இல்லை. சிவந்து, கொப்பளித்து, வாணலியின் வளைவு அப்படியே பதிந்திருந்தது.

"துருவைத் தேய்ச்சுட்டுத்தான் முட்டை போட்டேன் மேடம். கொஞ்சம் கருகிடுச்சு." தூக்கத்தில் பேசுபவன் போலப் பேசினான். "கையைப் பிடிச்சு வாணலியில வச்சு அழுத்தினான். முட்டை வேகற நேரம் வரைக்கும் எடுக்கல. எண்ணிக்கிட்டே இருந்தான். அப்புறம் தண்ணி குடிக்கத் திரும்பினான்..."

"ரெண்டு வருஷமா பொறுத்துட்டு, இன்னிக்கு ஏன்?"

"புதுசு வந்ததுல இருந்து அடி பங்காயிடுச்சு மேடம். கொஞ்சம் நிம்மதியா இருந்தேன். இன்னிக்கு இவன் காலையிலேயே கிளம்பிட்டான். மொத்தமும் எனக்கே வந்துடுச்சு."

"சட்டையை மாத்திட்டே. கைரேகை போகத்தானே கழுவினே? அதோட போயிருக்கலாமே?"

"போகத்தான் பார்த்தேன். கதவு வரைக்கும் போயிட்டேன். ஆனா ஈரத்தோட மாட்ட மனசு வரல." அவன் தாயைப் பார்த்தான். "துருப் பிடிச்சிடும்ல ஆன்ட்டி?"

அடுத்த நொடி பாய்ந்தான்!

இடது கையில் கத்தி! பக்கத்து அட்டைப் பெட்டியின் மேல் கிடந்ததை உருவியிருந்தான். விலங்கோடு நின்ற புதுசின் முடியைக் கவ்வி, கழுத்தில் வைத்து அழுத்தினான். தோல் பிளந்தது. ரத்தம் காலர் வழியே இறங்கியது.

"கிட்ட வந்தா அறுத்துடுவேன்!"

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. துப்பாக்கி உறையின் பொத்தான் மாட்டிக்கொண்டது!

தாய்க்குப் பொத்தான் எதுவும் இல்லை.

'ணங்!'

வாணலி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் தனியாகக் கேட்டது. கத்தி தெறித்துச் சுவரில் மோதியது. இரண்டாவது 'ணங்' தாடையில். ஒரு பல் தரையில் உருண்டது. மூன்றாவதுக்குக் கையை ஓங்கினாள்...

"அம்மா! அது சாட்சிப் பொருள்மா!" கான்ஸ்டபிள் அலறிக்கொண்டே வந்து பிடுங்கினார்.

கண்ணாடி மடிந்து விழுந்தான். விலங்கு கைமாறியது.

அவனை இழுத்துப் போகும்போது தாய் வாசல்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அளவு நாடாவால் மகனின் கழுத்துக் காயத்தை இறுகச் சுற்றினாள்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றாள். "நான் சொன்னதை ஒண்ணுவிடாமக் கேட்டுச்சு."

"அம்மா... இனிமே நானும் கேக்கறேன்மா. தட்டெல்லாம் கழுவறேன்."

"நீ ஒண்ணும் கழுவ வேண்டாம்! வா, வீட்டுக்குப் போலாம்!"

கீழே, ஜீப்பில் ஏறப்போன கான்ஸ்டபிளின் போன் அடித்தது. மனைவி. மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள்.

"என்னது... நம்ம பையனா? சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டானா?"

தலையைத் தூக்கி மூன்றாவது மாடியைப் பார்த்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"திட்டாதேடி... அவன் பாட்டுக்கு இருக்கட்டும். ஜாமீன் எடுக்கற வேலை நமக்கு மிச்சம்!"