மழை பெய்தால் பயிற்சி இல்லை

"மழைக்குள்ள ஸ்கூட்டி ஓடப் பழகத்தானே வந்த நான்… மழ பெய்யுது எண்டு திருப்பி அனுப்புறீங்களே, இது நல்லா இரிக்கா?"

விஜிதரன் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினான். ஒரு பழைய ஸ்கூட்டி. அதன் மேல் ஊதா நிற ரெயின்கோட். அதற்குள் ஒரு பெண். ஹெல்மெட்டின் கண்ணாடியை அவள் மேலே தள்ளியபோது இமைகளில் தொங்கிய மழைத்துளிகள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் இறங்கின… பெரிய கண்கள். கோபத்தில் விரிந்திருந்தன. ஆனால் கோபத்துக்கு அடியில் பல மாதக் களைப்பு.

களைத்த கண்களும் இவ்வளவு அழகாக இருக்குமா என்று நினைத்தான். உடனேயே தன் களைப்பும் நினைவுக்கு வந்துவிட்டது. இந்த மாதத்தில் அவன் பயிற்சியை நிறுத்துவது இது மூன்றாவது தடவை.

வவுணதீவில் வயல் வட்டைக்கு நடுவே ஒரு நெல் களஞ்சியம் இருக்கிறது. அதன் பெரிய சீமெந்து முற்றத்தில்தான் விஜிதரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோன்களை அடுக்கி, மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு வளைவும் வேகமும் பழக்குவான். வெயில் காலத்தில் அந்த முற்றம் முழுக்க நெல் காயும், ஒரு சைக்கிள்கூட விடமுடியாது. நெல் இல்லாத மாதங்களில் முற்றம் கிடைக்கும். அந்த மாதங்களிலோ மாரி மழை. இடம் கிடைத்தால் வானம் கிடைக்காது… நான்கு வருடமாக இதே கூத்து.

மழைக்குள் ஓடலாமா, கூடாதா என்று ஒவ்வொரு முறையும் சண்டைதான். ஓடினால்தான் கை படியும் என்று ஒரு கட்சி. நனைந்த சீமெந்தில் உமித்தூசியும் சேர்ந்தால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், எலும்பு மிஞ்சாது என்று இன்னொரு கட்சி. விஜிதரன் எப்போதும் இரண்டாவது கட்சி. இன்றைக்கும் பன்னிரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு பைக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், நோட்டீஸ வாசிக்கல்லயா? மழ பெய்தா நடக்காது எண்டு பெரிசா எழுதித்தானே இரிக்கு."

"'வழுக்காம பிறேக் பிடிக்கப் பழகலாம்' எண்ட வரியத்தான் பார்த்த நான். அதுக்கு மேல வாசிக்க எனக்கு நேரமில்ல."

பெயர் எழுதும் மேசையிலிருந்த ஜிப்ரி சிரித்துவிட்டான். ஏறாவூரான், விஜிதரனின் கூட்டாளி, எந்தச் சண்டையையும் வேடிக்கையாகப் பார்க்கிறவன்.

"எங்க இருந்து வாறீங்க, தங்கச்சி?"

"கதிரவெளி."

ஜிப்ரியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுபது கிலோமீற்றர் வரும். அதுவும் இந்த ஸ்கூட்டியில்…

அவள் பெயர் உசாந்தி. கதிரவெளிப் பக்கம் குடும்பநல மாது. கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. மூன்று மாதத்தில் கிடைத்த ஒரே லீவு நாளில் விடியவே புறப்பட்டு வந்திருந்தாள். புறப்படும்போது மழை இல்லை.

"ஐப்பசியில ஒரு நாள் பனிச்சங்கேணிப் பாலத்தில மழைக்குள்ள விழுந்த நான்," என்றாள். குரலில் கோபம் வடிந்து, அலுப்பு மட்டும் நின்றது. "அண்டையில இருந்து தூறல் விழுந்தாலே கை நடுங்குது. இறங்கித் தள்ளிக்கொண்டு போறன். போன மாசம் காலையில பார்க்க வேண்டிய ஒரு புள்ளய மத்தியானம்தான் போய்ப் பார்த்த நான். மஞ்சளாக் கிடந்துது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினம். இப்ப சுகம்… ஆனா நான் பிந்தினது பிந்தினதுதானே."

களஞ்சியத்தின் தகரக் கூரையில் மழை இன்னும் பலமாக விழுந்தது.

"டவுனுக்கு மாற்றம் கேட்டுப் படிவம் நிரப்பி வெச்சிரிக்கன். மாச முடிவுக்குள்ள குடுக்கணும். குடுத்தா எனக்கு நிம்மதி. ஆனா எங்கட பக்கத்துக்கு வேற ஒருத்தரும் வரமாட்டாங்க. அதான் கடைசியா ஒருக்கா பழகிப் பார்ப்பம் எண்டு வந்த நான்."

விஜிதரனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் என்றால் இளக வேண்டியதுதானே? ஆனால் ஒருமுறை மைக்கில் சொன்னதை மாற்றுவதா என்ற வீம்பு குறுக்கே வந்து நின்றது.

"எனக்கும் கவலதான் மிஸ். ஆனா ஏலா. ஒராளுக்காகச் சட்டத்த மாத்தேலா."

"ஒரு ஆள்தானே மச்சான், மெல்லமா…" என்று ஜிப்ரி இழுத்தான்.

"ஏலா எண்டா ஏலா!"

உசாந்தி அவனை நேராகப் பார்த்தாள். "அப்ப நீங்க வெயிலுக்கு மட்டும் வாத்தியாரா?"

அவ்வளவுதான். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

போனாள் என்றால் ஸ்கூட்டியில் ஏறி ஓடிப் போகவில்லை. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவள் அதில் இறங்கித் தள்ளினாள். தண்ணீரைக் கடந்த பிறகும் ஏறவில்லை. தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டே நடந்தாள். ரெயின்கோட்டின் ஊதா நிறம் மழைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது… இப்படித் தள்ளித் தள்ளி எப்போது ஊர் போய்ச் சேருவாள்?

விஜிதரனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மேசையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஓடினான். அவனுடைய சொந்த பைக் வாசலிலேயே நின்றது. அதைத் தாண்டித்தான் ஓடினான்.

"மிஸ்… நில்லுங்க!"

அவள் திரும்பினாள். மூச்சு வாங்க வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில் ஒன்றைக் காணோம்.

"ஏன் ஓடி வாறீங்க? அவ்வளவு பைக் நிக்குதே."

பொய் சொல்ல வாய் திறந்தான். அந்தக் களைத்த கண்களுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"எனக்கும் ஏலா," என்றான்.

"என்ன ஏலா?"

"மழைக்குள்ள ஓட. ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு போட்டியில வழுக்கி விழுந்து ஆறு கிழம படுக்கையில கிடந்த நான். அதுக்குப் பிறகு மழ நாளையில பஸ்தான். ஜிப்ரிக்கும் தெரியா. பாதுகாப்பு, பாதுகாப்பு எண்டு மைக்கில சொல்லுறன்… அதுல எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு பயம் எண்டு எனக்கே தெரியா."

மழை குடையில் கொட்டிக்கொண்டிருந்தது. குடை அவள் பக்கம் சாய்ந்திருந்ததால் அவன் முழுக்க நனைந்திருந்தான். உசாந்தியின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

"சரிதான்… முடவனுக்கு முடவன் வாத்தியார்."

"வேகமா ஓடுறவனுகள இந்த ஈரத்தில விடமாட்டன். அது பயமில்ல, மெய்தான். ஆனா உங்களுக்கு வேகம் தேவையில்லத்தானே? நடக்கிற வேகத்தில பிறேக் பிடிச்சுப் பழகுவம். வாங்க."

வந்தாள். லொறியும் ஆட்களும் போய்விட்ட வெறும் முற்றத்தில், ஆறு கோன்களை நேராக வைத்து, அவள் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே அவன் நடந்தான்.

"பிறேக்க டக்கெண்டு பிடிக்காதீங்க. புள்ளைக்குச் சொட்டு மருந்து விடக்குள்ள எப்படி அமத்துவீங்க?"

"மெதுவா… துளி துளியா."

"அதேதான். ஹேண்டில் நேரா. கண் தூரத்தில. தரையப் பார்த்தாத் தரைக்குத்தான் போவீங்க."

முதல் தடவை காலை ஊன்றிவிட்டாள். இரண்டாவது தடவை பின் ரயர் வழுக்கியது, கத்திவிட்டாள், ஆனால் விழவில்லை. பதினைந்தாவது தடவை கோனுக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றாள். நின்றவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க."

"நானா? இதிலயா?"

"ஏன், சம்பியனுக்கு ஸ்கூட்டி இறக்கமா?"

வளைவுகளில் முழங்கால் உரச ஓடிய விஜிதரன், ஒரு குடும்பநல மாதின் ஸ்கூட்டியில், ஆமை வேகத்தில், கைகள் நடுங்க ஓடினான். பக்கத்தில் அவள் குடையோடு நடந்தாள். கூரைக்குக் கீழே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஜிப்ரி, "அல்லாஹ்வே, இத நான் பார்த்தேன் எண்டு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்," என்றான்.

அடுத்த ஞாயிறும் மழை. இன்னும் இரண்டு ஞாயிறுக்கு லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வந்தாவது பழகுகிறேன் என்று வந்தாள், அவன் பழைய ஸ்கூட்டி ஒன்றைத் தேடி வைத்திருந்தான். அதற்கடுத்த ஞாயிறு தன் ஸ்கூட்டியிலேயே வந்தாள், மழைக்குள்ளேயே. வாசல் தண்ணீரை இறங்காமல் கடந்து வந்து அவன் முன்னால் நிறுத்தியபோது அவள் கண்கள் மின்னின… அந்தக் கண்களுக்குக் களைப்பில்லாமல் இருக்கவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டான். அவளுக்காகத் தான் காத்திருப்பதையும் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டான்.

"பனிச்சங்கேணிப் பாலத்தில இறங்கல்ல!" என்றாள் மூச்சுவிடாமல். "படிவம் குடுக்கப் போறதில்ல. நான் கதிரவெளியிலயே நிக்கப் போறன்."

சந்தோசப்பட வேண்டிய செய்தி. ஆனால் விஜிதரனுக்குள் எதுவோ பொத்தென்று விழுந்தது. பக்கத்து டவுனுக்கு மாறி வந்தால் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம் என்று இரண்டு கிழமையாக அவன் கட்டியிருந்த கோட்டை அது. இவளை இங்கே வரவிடாமல் பழக்கியது யார்? அவனேதான்! 'டவுனுக்கே வா' என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்தப் பிள்ளைகளைவிட நான் பெரிதா என்று மனம் அதட்டியது.

"நல்லம்," என்றான்.

"நல்லமா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல… இனி உங்களுக்குப் பயிற்சி தேவையில்ல."

அவள் எதையோ எதிர்பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அதற்குள் கண்கள் கலங்கியது மழைக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வெயில் எறித்தது, பன்னிரண்டு பேரும் வந்தார்கள், பயிற்சி பிரமாதமாக நடந்தது. விஜிதரனுக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. மாலையில் கோன்களைப் பொறுக்கும்போது ஜிப்ரி கேட்டான்.

"மச்சான், வெயிலடிச்சும் மூஞ்சில மழையா? போய்ச் சொல்லன்டா."

"என்னத்தச் சொல்லுற? வேலைய விட்டுட்டு வா எண்டா?"

"அவ ஏன்டா வரணும்? ஒனக்குக் கால் இல்லயா?"

திங்கட்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது.

கதிரவெளிக் கிளினிக்கில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள். தாய்மார் நீள வாங்குப் பலகையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேசையிலிருந்த உசாந்தி இரண்டு தடவை எண்ணைப் பிழையாக எழுதி, இரண்டு தடவை திருத்தினாள். வெளியே ஒரு பைக் வந்து நின்றது. பெரிய பைக். மிக மெதுவாக, அலுங்காமல் நின்றது.

உள்ளே வந்தவனைப் பார்த்து அவள் எழுந்துவிட்டாள். தலை முதல் கால் வரை தண்ணீர். முழங்கால் வரை சேறு.

"நீங்களா… இந்த மழைக்குள்ளயா வந்த நீங்க?"

"ஓம்."

"முழுக்க ஓடியா?"

"இல்ல. ரெண்டு இடத்தில இறங்கித் தள்ளின நான்." சிரிக்கக்கூடத் தெம்பில்லாத குரல். "பாலத்தில கண்ண மூடப் பார்த்தன்… மூடல்ல. நாலு மணித்தியாலம் எடுத்துது."

"மிஸ், இவரு ஆரு? இவருக்கும் நிறை பார்க்கணுமா?" என்றாள் ஒரு தாய். வாங்கு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் பேசுவதா என்று யோசிக்கும் நிலையையும் கடந்துவிட்டான்.

"அண்டைக்கு நல்லம் எண்டு சொன்னது பொய், உசாந்தி. நீங்க டவுனுக்கு வரணும் எண்டு ஆசப்பட்ட நான். அதக் கேட்டா நீங்க இவங்கள விட்டுட்டு வந்திருவீங்களோ எண்டு ஒரு பயம். கேட்டும் வராம விட்டா எண்டு இன்னொரு பயம். அதான் வாய மூடிக்கொண்டு நிண்ட நான்."

"இப்ப என்ன கேட்க வந்த நீங்க?"

"ஒண்டும் கேட்கல்ல. நீங்க ஒரு இடமும் மாற வேணாம், இஞ்சயே இரிங்க. நான் வாறன். வெயிலெண்டாலும் வாறன், மழையெண்டாலும் வாறன்… எனக்கு உங்கள விருப்பம்."

உசாந்தி அவனுடைய நடுங்கும் கைகளைப் பார்த்தாள். குளிரில் பாதி, பயத்தில் பாதி என்று அவளுக்கு மட்டும் தெரியும். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க அவளிடம் இப்போது ஹெல்மெட் இல்லை.

"அந்தப் படிவத்தக் கிழிச்சது இந்தப் புள்ளைகளுக்காக," என்றாள் மெல்ல. "கிழிச்சுப்போட்டு விடிய விடிய அழுதது… உங்களுக்காக."