கீறல் பக்கம்

எங்கே வீடு இடிக்கிறார்கள் என்று விசாரித்துத் திரிவதே யசோதினிக்கு வேலை. ஜன்னல் சட்டம், தேயிலைக் கொழுந்துச் சாக்கு, துருப்பிடித்த தகரம், எது கிடைத்தாலும் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு எடுத்த மாடி அறைக்குக் கொண்டுவந்து சித்திரமாக்கிவிடுவாள். லொறிக்காரன் சுதேஷ், "பேய்க்கு வாழ்க்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தானே ஆகணும்" என்று முனகிக்கொண்டே அத்தனையையும் தூக்கித் தருவான்.

கடைசியாக வந்தது ஒரு கதவு. தெல்தோட்டைப் பக்கம் இடித்த பழைய பங்களாவின் சாமான் அறைக் கதவு. அதை விற்ற இப்திகார் நானா தயங்கினார்.

"தாப்பாள் வெளிய மட்டும்தான் ஈக்குது தங்கச்சி. உள்பக்கம் பூரா கீறல். சீவிட்டு வேல செய்யுங்க."

சீவுவதா? அந்தக் கீறல்களுக்காகத்தான் அவள் வாங்கினாள். இடுப்பளவு உயரத்தில் நெருக்கமாக, நகத்தால் பிறாண்டியவை. எந்தப் பிள்ளையைப் பூட்டி வைத்தார்களோ என்று நினைத்தாள். ஆனாலும் ஆசை விடவில்லை. கீறல்கள் பார்ப்பவர் கண்ணில் படவேண்டும் என்று கதவைத் திருப்பி, தாப்பாள் பக்கம் சுவரோடு ஒட்ட மாட்டினாள். இடையில் கை நுழையவும் இடமில்லை.

அவளுடைய முதல் கண்காட்சிக்குத்தான் அந்தக் கதவு. அன்று நாலு மணிக்கு சுதேஷ் அதை ஏற்றிப் போக வருவான். மூன்று மணிக்கே மழை இருட்டியது. விரலெல்லாம் நீலச் சாயத்தோடு கடைசிச் சாக்குத் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

டக்.

தாப்பாள் விழுந்த சத்தம். சுவர்ப் பக்கத்திலிருந்து.

பூஞ்சணம் பிடித்த அரிசியின் வாடை அறையை நிறைத்தது. அவள் வாசலுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பியது, வாசற்கதவு அசையவில்லை. இழுத்தாள், உதைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பங்களாக் கதவின் உள்பக்கத்தை அவள் இந்த அறைக்குத் திருப்பியிருந்தாள்.

அப்படியென்றால், இந்த அறைதான் உள்ளே.

சுவர்ப் பக்கம் ஒரு பிள்ளை மெல்லச் சிரித்தது.

"நான் வெளிய வந்துட்டேன் அக்கா."

யசோதினி அந்தக் கதவைப் பிறாண்டத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு சுதேஷ் வாசற்கதவைச் சாதாரணமாகத் திறந்துகொண்டு வந்தான். "யசோ?" அவள் அவன் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்தான். திறந்த வாசலால் ஓடப் போனாள், வெறுங்காற்றில் மரம் முட்டியது.

"முடிச்சிட்டு எங்கயோ போயிருச்சு போல." சுவரில் மாட்டியிருந்த கதவைத் தடவிப் பார்த்தான். இடுப்பளவில் மரம் வழுவழுப்பாக இருந்தது. தோளளவில் புதுக் கீறல்கள், நீலச் சாயம் இன்னும் ஈரமாக.

கதவைக் கழற்றித் திருப்பியபோது தாப்பாள் போட்டிருந்ததைக் கண்டான். விரலை அதில் வைத்தான். யசோதினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துவிடு சுதேஷ், இழுத்துவிடு.

படியடியில் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

"அத தொறக்காதீங்க மாமா."

சுதேஷ் கையை எடுத்துக்கொண்டான்.