ஆடு தனியாகத்தான் இருக்கிறது

சொரிமுத்துவின் உடம்பில் தோல் நாற்றம் இல்லை. பேராச்சி அதைத் திங்கட்கிழமையே கவனித்துவிட்டாள். தாராவியில் தோல் கிடங்கின் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிற ஆளுக்கு அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது. கல்யாணமான புதிதில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். இப்போது பக்கத்தில் படுத்தால் ஈரப்புல் வாடை வந்தது. தேங்கின தண்ணீருக்கு அடியில் கிடக்கிற சேற்றின் குளிர்ச்சி வந்தது. அவன் தினமும் கிடங்குக்குப் போய்த் தொட்டியில் நின்றுவிட்டுத்தான் வந்தான். ஆனாலும் நாற்றம் ஒட்டவில்லை.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வந்த வினை. பம்பாயில் டிராம் வண்டிகள் நின்றுபோன வருஷம் அது. மாட்டுங்காவில் வானமாமலை என்று ஒருவர், பெரிய கம்பெனியில் ஆபீசர். மழை முடிந்ததும் சிநேகிதர்களைக் குடும்பத்தோடு விகார் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ச் சிறுத்தை காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மரத்தின்மேல் ஒரு பரண், பரணுக்கு எதிரே ஓர் ஆடு. ஆட்டையும், அதைக் கட்ட ஓர் ஆளையும் கிடங்கு முதலாளி முகைதீன் கொடுத்தனுப்புவார். போன வாரம் அனுப்பிய ஆள் சொரிமுத்து.

ஆட்டைக் கட்டிவிட்டு அவன் தள்ளிப்போய்ப் புதரோரம் உட்கார்ந்திருந்தான். சிறுத்தை வந்தது. பெரிய மனிதர்கள் கண் குளிரப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் கலகலவென்று பேசிக்கொண்டே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். கீழே ஒரு மனுஷன் இருந்தது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. திங்கட்கிழமை அவன் தானாகவே வீடு வந்து சேர்ந்தான். பரணில் மறந்துபோன பிளாஸ்க்கை எடுத்துவர மறுநாள் டிரைவரை அனுப்பினார்களாம். பேராச்சிக்கு வயிறு எரிந்தது அதைக் கேட்டுத்தான்.

"அங்கன என்னதான் நடந்துச்சு, சொல்லுங்களேன்" என்று அவள் எத்தனை தடவை கேட்டாலும் சொரிமுத்துவிடம் ஒரே பதில்.

"விட்டுட்டுப் போயிட்டாவ."

அதையும் ரேஷன் கடை மூடியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அவனுக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து அவளுக்கே வந்தது.

அடுத்த ஞாயிறு வேன் மறுபடி கிடங்கு வாசலுக்கு வந்தபோது, கூப்பிடுவதற்கு முன்னாலேயே சொரிமுத்து ஏறி, ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. பேராச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஏறினாள். போன வாரம் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. இந்த வாரம் அவள் கையோடு கூட்டிவருவாள். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"ஏம்மா, நீ எங்கே ஏறறே? இது பிக்னிக். லேடீஸெல்லாம் வரா" என்றார் வானமாமலை.

"நானும் லேடீஸ்தான் சார்."

முன்சீட்டில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள். "வரட்டும்னா. பாத்திரம் தேய்க்க ஆச்சு" என்றாள்.

விகார் ஏரி கரை தளும்பக் கிடந்தது. சுற்றிலும் பச்சை மலை, நாணல் நுனியில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு, பாதி முங்கின மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம், தூரத்துச் சேற்றுத் திட்டில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்கிற முதலை. ஜமுக்காளம் விரித்து, புளியோதரையைப் பிரித்து, டிரான்சிஸ்டரைப் பாடவிட்டு, பைனாகுலரைக் கைமாற்றிக் கைமாற்றி அவர்கள் பார்த்தார்கள். வானமாமலை ஒவ்வொரு பறவைக்கும் பேர் சொன்னார். ஆட்டைக் கொண்டுவந்தவன் பேர் அவருக்குத் தெரியாது.

பேராச்சி தண்ணீரோரம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது சொரிமுத்து திட்டுப் பக்கமாக நடந்துபோனான். முதலை வாயை மூடியது. பிறகு, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல், அவனை விட்டுப் பின்வாங்கித் தண்ணீருக்குள் இறங்கியது. அவ்வளவு நேரமும் குழந்தைகள் கல்லெறிந்தும் அசையாமல் கிடந்த முதலை.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே வானமாமலையிடம் போனாள்.

"போன வாரம் எம் புருசனை ஏன் சார் காட்டுல விட்டுட்டுப் போனீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "ரோடுக்கு வந்து பஸ் பிடிச்சிருப்பான்னு நெனச்சேன். இப்ப என்ன, முழுசாத்தானே வந்திருக்கான்?"

"அதைத்தான் நானும் கேக்குதேன்."

அவர் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எல்லாரும் சத்தமில்லாமல் பரணில் ஏறினார்கள். பேராச்சிக்கு மேலே இடமில்லை. ஏணியின் அடியில் உட்காரச் சொன்னார்கள். ஏறும்போது வானமாமலை சிநேகிதர்களுக்கு விளக்கிக்கொண்டே போனார். ஆடு தனியாக இருந்தால்தான் கத்தும், கத்தினால்தான் சிறுத்தை வரும். பக்கத்தில் மனுஷாள் இருக்கிற மோப்பம் கிடைத்தால் போதும், துணை இருக்கிறது என்று வாயைத் திறக்காது. அதனால் கட்டுகிறவன் நன்றாகத் தள்ளிப் போய்விட வேண்டும்.

சொரிமுத்து முளையில் ஆட்டைக் கட்டினான். பரணிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஏரியிலிருந்து ஈரக்காற்று வந்தது. நாணலுக்குள் தவளைகள் ஒன்றை ஒன்று அதட்டிக்கொண்டிருந்தன. எங்கேயோ காய்ந்த இலைமேல் ஏதோ நடந்து, நின்று, மறுபடி நடந்தது. கட்டி முடித்தவன் தள்ளிப் போவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போகவில்லை. ஆட்டுக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரச, குந்தி உட்கார்ந்தான். ஒரு கையை எடுத்து அதன் முதுகில் வைத்தான்.

ஆடு கத்தியது.

பேராச்சிக்கு முதலில் புரியவில்லை. ஆடு விட்டு விட்டு, கழுத்தை நீட்டி, காட்டைப் பார்த்து, ஏரியைப் பார்த்துக் கத்தியது. துணைக்கு ஆள் கேட்டுக் கத்தியது. அவன் கை அதன் முதுகின் மேலேயே இருந்தது. அது ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை.

மேலே யாரோ கிசுகிசுத்தார்கள். "ஆள் போயாச்சா?"

"போயாச்சு" என்றது வானமாமலையின் குரல். "பைனாகுலர்ல நன்னாத் தெரியறது. ஆடு தனியாத்தான் இருக்கு."

அவளுக்குப் பயம்தான். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷனை, பைனாகுலர் வைத்துப் பார்த்தும் தெரியவில்லையாம் இவர்களுக்கு. போன வாரமும் தெரியவில்லை. கொக்கு தெரிந்தது, நீர்க்காகம் தெரிந்தது, மறந்த பிளாஸ்க்கு தெரிந்தது. நல்லாயிருங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். எழுந்து இருட்டிக்கொண்டிருந்த புல்லுக்குள் நடந்தாள்.

தவளைச் சத்தம் நின்றது.

நடந்தாள். புல் முழங்காலை அறுத்தது. காற்று இல்லை. ஆடு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அவள் கிட்டே வந்ததும் கத்தல் பாதியில் நின்றது. ஆடு அவளைப் பார்த்தது. அவள் காலோடு ஒண்டிக்கொண்டு நடுங்கியது. அதற்குத் துணை வந்துவிட்டது. மனுஷத் துணை.

சொரிமுத்து ஏரியைப் பார்த்தபடியே இருந்தான்.

"எந்திரிங்க" என்றாள். "வீட்டுக்குப் போவோம். போதும் இவங்க வேடிக்கை."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கல்லை இழுத்த மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கை திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்காமல்தான் பிடித்தது. ஆனால் விடவில்லை. அவள் உதறினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். காலை ஊன்றி இழுத்தாள். விடவில்லை. உள்ளங்கை ஈரமாக இருந்தது. குளிர்ந்திருந்தது.

காலோடு ஒண்டியிருந்த ஆடு மெதுவாக விலகியது. கயிறு எட்டுகிற மட்டும் போய் நின்றது. அங்கிருந்து அவளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது.

"ஏய்" என்று பேராச்சி பரணைப் பார்த்துக் கூவினாள். "இறங்கி வாங்க. எம் புருசனுக்கு என்னமோ ஆயிட்டுது. லைட்டைக் கொண்டாங்க."

லைட் வந்தது. ஆட்கள் வரவில்லை. பரணிலிருந்து டார்ச் வெளிச்சம் நீளமாக இறங்கி, புல்லைத் தடவி, அவள் முகத்தில் விழுந்து நின்றது. கண் கூசியது. வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

"ஏன்னா" என்று வானமாமலையின் மனைவி கிசுகிசுத்தாள். "ஒண்ணில்லே. ரெண்டு."

"ஷ்ஷ்."

"ஜோடியா வந்திருக்குன்னா."

பேராச்சி கத்தினாள். தன் பேரைச் சொன்னாள். அவன் பேரைச் சொன்னாள். தாராவி என்றாள், முகைதீன் முதலாளி என்றாள், மத்தியானம் உங்கள் தட்டைக் கழுவினது நான்தான் என்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். தொண்டை கிழியும் மட்டும் திட்டினாள். மேலே கேமரா ஒன்று சொடுக்கியது. பிறகு இன்னொன்று.

"பொண் சிறுத்தைதான் உறுமறது" என்றார் வானமாமலை, சந்தோஷம் தாங்காமல். "யாரும் அசையாதீங்கோ."

அவள் குரல் அடங்கியபோது சொரிமுத்து தலையைத் திருப்பினான். டார்ச் வெளிச்சத்தில் அவன் முகம் அவன் முகமாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக இல்லாத பிரியம் அதில் இருந்தது.

"உக்காருட்டி" என்றான்.

அவள் மணிக்கட்டை விடாமல், மற்றக் கையால் கயிற்றை இழுத்தான். ஆடு கால்களை ஊன்றிக்கொண்டு, கத்திக்கொண்டு வந்தது. அவன் அவள் கையைக் கொண்டுபோய் அதன் கழுத்தில், படபடவென்று துடிக்கிற இடத்தில் வைத்து அழுத்தினான்.

"சாப்பிடுவோம்."

மேலே ஒருவரும் மூச்சு விடவில்லை. டார்ச் வெளிச்சம் ஆடாமல் அவர்கள் மூன்று பேர் மேலும் நின்றது.