இரண்டு தட்டு கோதுமை

"ஐயோ... வாத்தியாரு...!"

வாட்ச்மேன் பைராமின் அலறலில் பள்ளிக்கூடத்துப் புறாக்கள் சிதறிப் பறந்தன.

கரும்பலகைக்குக் கீழே தோமா வாத்தியார் குப்புறக் கிடந்தார்.

முதுகில் கத்தி. ரத்தம் இன்னும் காயவில்லை.

துருக்கி சுல்தான் ஆட்சியிலிருந்த மொனாஸ்டிர் நகரத்தின் புதுப் பள்ளிக்கூடம் அது. சுல்தான் அரசியல் சட்டம் கொடுத்த கையோடு, துருக்கி, கிரேக்க, பல்கேரிய, யூதப் பிள்ளைகள் எல்லாரும் இனி ஒரே பெஞ்சில் உட்காரட்டும் என்று கவர்னர் கட்டியது. இன்றுதான் திறப்பு.

முதல் நாளே கடைசி நாள்!

மதியத்துக்குள் கவர்னர் பாஷா தீர்ப்பே எழுதிவிட்டார்.

"கத்தி யாருதுய்யா?"

"பைராமோடது, பாஷா. ரொட்டி வெட்டுற கத்தி. எப்பவும் ஜன்னல்லயே கிடக்கும். யாரு வேணா எடுத்திருக்கலாம்..." என்றார் கமிஷனர் ரிஃப்கி.

"போதும். சாயங்காலம் அவனைத் தூக்குல போடு."

"பாஷா...!"

"கிரேக்கன் கொன்னான்னு பல்கேரியன் கத்துறான். பல்கேரியன் கொன்னான்னு கிரேக்கன் கத்துறான். எவனைப் பிடிச்சாலும் ஊரு பத்தி எரியும். பைராம் அல்பேனிய மலைக்காரன்... கேக்க நாதி கிடையாது."

ரிஃப்கி வெளியே வந்தார்.

லாக்கப் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"கமிஷனர் எஃபெண்டி... அந்தக் கத்தியில நான் ரொட்டியத் தவிர எதையும் வெட்டுனதில்ல எஃபெண்டி..."

ரிஃப்கி அந்தக் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். மனைவி நெஃபிஸே செத்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கூட்டம்.

பிணத்துக்குத் தள்ளுமுள்ளு! எந்த சர்ச் புதைக்கிறதோ, செத்தவன் அந்த இனம். ஊர்க் கணக்கு அப்படி.

பல்கேரியக் கூட்டத்துக்கு முன்னால் தானிய வியாபாரி ஸ்தோயன். கிரேக்கக் கூட்டத்துக்கு முன்னால் வக்கீல் பெரிக்லிஸ். இரண்டு பேர் கையிலும் செத்தவருக்குப் படைக்கிற தட்டு. வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை, பாதாமில் சிலுவை.

"எங்க ஸ்கூல்ல பாடம் எடுத்தவருய்யா! எங்க பொணம்!" என்றார் ஸ்தோயன்.

"ஞானஸ்நானம் எங்க சர்ச்சுலடா! உசுரோட இருந்தப்ப, எல்லாரும் சேர்ந்து படிக்கிற புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போறாருன்னு துரோகி பட்டம் கட்டிக் காறித் துப்புன... இப்ப சொந்தம் கொண்டாடுறியா?" என்றார் பெரிக்லிஸ்.

"நீ மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சுனியோ?"

ரிஃப்கி குறுக்கே வந்தார். ஸ்தோயன் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

மென்றார்.

அப்படியே நின்றார்.

மொஹரம் பாயசத்துக்குக் கோதுமையை முந்தின நாளே ஊறப்போடுவாள் நெஃபிஸே. 'ராத்திரி பூரா ஊறலைன்னா பல்லுதாங்க போகும்!'

இது பல்லில் படாமலே கரைந்தது.

"இது யாருக்குங்க?"

"என்ன கேள்வி எஃபெண்டி? தோமாவுக்குத்தான். இந்த வாரம் வேற சாவு ஏது?"

"பூ மாதிரி வெந்திருக்கே... எப்ப ஊறப்போட்டாங்க வீட்டுல?"

"நேத்து சாயங்காலமே என் சம்சாரம்..."

ஸ்தோயன் நாக்கைக் கடித்துக்கொண்டார். லேட்!

"நேத்து சாயங்காலம் தோமா என்கூட உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தாரு, ஸ்தோயன்."

பெரிக்லிஸ் கைகொட்டாத குறைதான்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல! கொலைகாரப் பசங்க! மாட்டுங்க விலங்கை!"

ரிஃப்கி நிதானமாகத் திரும்பினார். பெரிக்லிஸ் தட்டில் கை வைத்தார்.

மென்றார்.

இதுவும் வெண்ணெய் மாதிரிக் கரைந்தது!

"உங்க வீட்டுக் கோதுமை மட்டும் ஊறாமலே வெந்துருமா, வக்கீல் சார்?"

பெரிக்லிஸ் சிரிப்பு பாதியில் செத்தது.

ஸ்தோயனைப் பார்த்தார். ஸ்தோயன் அவரைப் பார்த்தார்.

"கத்திய எடுத்துக் குடுத்தது அவன் ஆளு!" அலறினார் ஸ்தோயன்.

"குத்துனது உன் ஆளுடா, நாயே!"

இரண்டு கூட்டத்திலும் கைகள் கல்லைத் தேடின. யார் மீது கல்லெறிவது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் தூக்குமேடை காலியாக இருந்தது. ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து பைராம் ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

கவர்னர் மூச்சிரைக்க வந்தார்.

"சொல்லுய்யா! கிரேக்கனா... பல்கேரியனா?"

"உங்க சீர்திருத்தம் ஜெயிச்சிருச்சு, பாஷா."

"என்னய்யா உளர்ற?"

ரிஃப்கி லாக்கப்புக்குள் இருந்த ஸ்தோயனையும் பெரிக்லிஸையும் காட்டினார்.

"பேசி வெச்சு, சேர்ந்தே செஞ்சிருக்காங்க... இப்பவும் பாருங்க, ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க!"