எட்டுப் பற்கள்

உருளைக்கு மொத்தம் எட்டுப் பற்கள். மேலே நான்கு, கீழே நான்கு. பார்த்தால் அரிசி மணி மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த எட்டும் சேர்ந்து ஒரு வீட்டையே ஆட்டி வைத்துவிட்டன.

உருளை என்பது பட்டப்பெயர்தான். ஒன்றேகால் வயதில் அவ்வளவு உருண்டையாக இருக்கிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவனுடைய அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று, அவள் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

அவர்களுடைய அம்மா பஸ் ஓட்டுகிறாள். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். அதனால் உருளை பகலெல்லாம் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பான். ரேடியோவின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். பள்ளி விட்டதும் அவளும் காப்பகத்துக்கு வந்து, அம்மா வரும்வரை ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

காப்பகத்தில் எல்லாமே முழங்கால் உயரம்தான். நாற்காலி, கை கழுவும் தொட்டி, செருப்பு வைக்கும் அலமாரி, எல்லாம். பெரிய டீச்சர் மட்டும்தான் நெட்டை. அவரும் நாள் முழுவதும் பாயில் உட்கார்ந்தே இருப்பார். "நான் நின்னா இவங்களுக்கு என் முழங்கால் மட்டும்தானே தெரியும்? முழங்காலோட யாரு பேசுவாங்க?" என்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ரேடியோ உள்ளே நுழையும்போதே ஒரு வீறல் கேட்டது. அது சுருட்டையின் குரல்.

சுருட்டைக்கு உருளையின் வயதுதான். தலை நிறையச் சுருள் முடி. பெரிய டீச்சர் அவளை மடியில் வைத்து, கையில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தார். கையில் எட்டுச் சின்னப் பள்ளங்கள். எதிரே உருளை, உதடு பிதுங்க நின்றுகொண்டிருந்தான். அடுத்த நொடி அவனும் அழ ஆரம்பித்தான்.

"மறுபடியுமா டீச்சர்?" என்றாள் ரேடியோ.

"நாலாவது தடவை," என்றார் டீச்சர். உருளையின் கண்ணைப் பார்த்து, "கடிச்சா வலிக்கும். பாப்பாவுக்கு வலிக்குது," என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. அதுதான் ரேடியோவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாலையில் சுருட்டையின் அப்பா வந்தார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். மகளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே நேரம் அம்மாவும் சீருடையோடு வந்து நின்றாள்.

"நான் சண்டை போட வரலைங்க," என்றார் அவர், அம்மாவிடம். "ஆனா தினமும் எம்பொண்ணு கையை நான் எண்ணிப் பார்க்கவா? அவ என்ன பண்ணா?"

அம்மா தலை குனிந்தாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணே."

பெரிய டீச்சர் அம்மாவைத் தனியாக அழைத்துப் போனார். கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் ரேடியோவின் காது அந்தப் பக்கமே இருந்தது. "இன்னொரு தடவை நடந்தா, கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பாருங்கம்மா. எனக்கும் வேற வழி தெரியலை."

வீட்டில் யார் இருக்கிறார்கள் பார்த்துக்கொள்ள? புது வேலையில் விடுப்பு கேட்டால், "அப்படியே வீட்டுலயே இருங்க" என்று சொல்லிவிடுவார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவும் பேசவில்லை. அப்படியென்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காப்பகத்தில் அவள் வீட்டுப்பாடத்தைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், அந்த நோட்டை நான் பார்க்கலாமா? கடிச்சதை எழுதி வெச்சிருக்கீங்களே, அது. அழுக்கு பண்ண மாட்டேன். பக்கத்தை மடிக்க மாட்டேன். எச்சி தொட்டும் புரட்ட மாட்டேன்."

"எடுத்துக்கோ கண்ணு. படிச்சுட்டு எனக்கும் ஏதாவது புரிஞ்சா சொல்லு."

நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும், கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதியிருந்தது. 'பொம்மைச் சண்டை இல்லை.' 'பசி இல்லை, பால் குடித்திருந்தான்.' 'இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.' கடைசியில் நான்கு தடவையும் ஒரே வரி: 'காரணம் தெரியவில்லை.'

சிரித்துக்கொண்டிருந்தார்களா? சிரிக்கிறவன் எதற்குக் கடிக்கிறான்?

ரேடியோ நோட்டை மூடிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அறையில் ஒன்பது குழந்தைகள். ஒருவன் கட்டையை அடுக்கினான். ஒருத்தி அதைத் தள்ளிவிட்டாள். உருளை யாரையும் கவனிக்கவில்லை. கையில் இருந்த பாதி வாழைப்பழத்தோடு நேரே சுருட்டையிடம் போனான். பழத்தை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். உருளைக்கு ஒரே சந்தோஷம். மூக்கைச் சுருக்கினான். கண்ணை இடுக்கினான்.

"அம்ம்ம்ம்..."

அந்தச் சத்தம் ரேடியோவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். எழுந்து பாய்ந்து, இரண்டு பேருக்கும் நடுவே தன் கையை நீட்டினாள்.

எட்டுப் பற்களும் அதில் இறங்கின.

"ஆ... டேய்!"

டீச்சர் ஓடி வந்தார். ரேடியோ கையை உதறிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இது அஞ்சாவது தடவையா?"

"இல்ல. இது உங்க குடும்ப விவகாரம்," என்றார் டீச்சர், ஈரத்துணியைத் தேடியபடி.

"டீச்சர், அவன் கோவத்துல கடிக்கலை. கொஞ்சுறான்."

"கொஞ்சுறானா?" என்றார் டீச்சர், துணியும் கையுமாக.

ரேடியோவின் முகம் சிவந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "எங்க அம்மா அவனைத் தூக்குறப்பெல்லாம் 'என் உருளையைக் கடிச்சுத் தின்னுடுவேன்'னு வயித்தைக் கடிப்பாங்க. வலிக்காம, உதட்டால. அப்போ 'அம்ம்ம்ம்'னு சத்தம் போடுவாங்க. அப்புறம் நான் கன்னத்தைக் கடிப்பேன். தினமும் டீச்சர். தூங்கப் போறப்பவும். அவன் பிறந்ததுலேருந்து. கடிக்கிறதுன்னா பிரியம்னு நெனச்சுட்டான். அவனுக்கு ரொம்பப் பிடிச்சது சுருட்டையைத்தான். அதான் அவளையே கடிக்கிறான். நாங்கதான் டீச்சர் கத்துக்கொடுத்தோம்."

டீச்சர் மெல்லப் பாயில் உட்கார்ந்தார். "இருபது வருஷமா இதே வேலை பார்க்கிறேன். பசி, தூக்கம், பல் முளைக்கிற அரிப்புன்னு எல்லாம் யோசிச்சேன். பிரியம்னு எழுத அந்த நோட்டுல ஒரு கட்டம்கூட இல்ல பாரு."

"இனிமே வீட்டுல யாரும் கடிக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

"அது மட்டும் போதாதே. அவன்கிட்ட பிரியம் இருக்கு. காட்ட ஒரு வழிதான் தெரியும். அதையும் பிடுங்கிட்டா பாவம், என்ன பண்ணுவான்?"

ரேடியோ யோசித்தாள். "நெத்தியும் நெத்தியும் முட்டிக்கலாமா?"

"இவன் முட்டினா சுருட்டை சுவத்துல போய் ஒட்டிக்குவா."

"ஒட்டிக்குவா..." ரேடியோவின் கண் மின்னியது. தம்பியைத் தூக்கினாள். அவன் கன்னத்தில் தன் கன்னத்தை மெதுவாக வைத்து, "ஒட்ட்ட்டு," என்றாள். எடுக்கும்போது "டப்" என்றாள்.

உருளை வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு தன் கன்னத்தை நீட்டினான். மறுபடியும் வேண்டுமாம்.

அன்று மாலை சுருட்டையின் அப்பா வந்ததும் ரேடியோவே அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, தப்பு அவன் மேல இல்ல எங்க மேலதான் நாங்க வீட்டுல கடிச்சுக் கடிச்சு விளையாடுவோம் அதான் அவனும் ஆனா இனிமே ஒட்டு விளையாட்டுதான் அவன் பழகுற வரைக்கும் டீச்சர் நடுவுல உட்காருவாங்க..."

"மூச்சு விட்டுப் பேசும்மா," என்றார் அவர். அவளுடைய கையில் இருந்த எட்டுப் பள்ளங்களைப் பார்த்தார். "இது?"

"இதுவும் பிரியம்தான் மாமா."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. "சரி. பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் உருளை சீக்கிரம் கற்றுக்கொண்டான். கற்றுக்கொள்ளாதது அம்மாதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவனைத் தூக்குவாள். "என் உருளையை அப்படியே..." என்று வாயைத் திறப்பாள்.

"அம்மா," என்பாள் ரேடியோ.

திறந்த வாய் திறந்தபடியே நிற்கும். பிறகு அதை மூடிக்கொண்டு கன்னத்தை வைப்பாள். "ஒட்ட்ட்டு."

"இன்னிக்கு இது மூணாவது தடவை."

"என்னடி பண்றது? அந்த வயித்தைப் பார்த்தா வாய் தானா திறக்குது."

"அவனுக்கும் அப்படித்தானேம்மா இருக்கும்?"

அதற்குப் பிறகு அம்மாவும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள்.

காப்பகத்தில் பெரிய டீச்சர் ஒரு வாரத்துக்கு மேல் உருளைக்கும் சுருட்டைக்கும் நடுவிலேயே உட்கார்ந்தார். 'அம்ம்' என்று தொடங்கினாலே, "ஒட்டு" என்று கன்னத்தைக் காட்டுவார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். "நாள் பூரா நான் நடுவுலயே இருந்தா, இவங்க ரெண்டு பேரும் என்னோடதான் பழகுவாங்க," என்றார்.

சுருட்டையின் அப்பா அன்று சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரேடியோ தன் வீட்டுப்பாட மூலையில், ஒரு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தாள். இன்று கையை நீட்டினாலும் எட்டாது.

உருளை அசைந்து அசைந்து சுருட்டையிடம் போனான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் மூக்கைச் சுருக்கினான். கண்ணை இடுக்கினான்.

"அம்ம்ம்..."

சுருட்டையின் அப்பா ஓரடி எடுத்து வைத்தார். டீச்சர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ரேடியோ தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இது அவன் வேலை.

உருளை திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றான். ஏதோ மறந்துபோனவன் மாதிரி. பிறகு வாயை மூடினான். தலையைச் சாய்த்தான். எச்சில் ஒழுகும் கன்னத்தைச் சுருட்டையின் கன்னத்தில் வைத்தான்.

"ஒத்த்து."

சுருட்டை கெக்கெக்கென்று சிரித்தாள். பிறகு அவளே மறு கன்னத்தைக் காட்டினாள்.

அவளுடைய அப்பா இழுத்து வைத்திருந்த மூச்சை விட்டார். உருளை அதோடு நிற்கவில்லை. வாசல்வரை நடந்து போய், அவருடைய காலைக் கட்டிக்கொண்டு, முழங்காலிலும் ஒரு ஒத்து வைத்தான். கால்சட்டையில் ஈரமாக ஒரு வட்டம். அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"நல்லவேளை, இன்னிக்குப் பழைய கால்சட்டைதான்," என்றார்.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். இந்த ஒரு வாரமாக வருவது போலவே, வாசலில் நின்று முதலில் டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"திங்கக்கிழமை மாத்துத்துணி ரெண்டு செட் கூடவே வெச்சு அனுப்புங்கம்மா," என்றார் டீச்சர். "கை கழுவுற தொட்டியை விட்டு வர மாட்டேங்கிறான். அடுத்த மாசம் மழை வேற வந்துடும். ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தா நல்லது."

"சரி டீச்சர்," என்றாள் அம்மா. மகனைத் தூக்கிக்கொண்டு, "சரி டீச்சர்," என்றாள். படி இறங்கும்போதும் திரும்பி, "சரி டீச்சர்," என்றாள். அவ்வளவு பெரிய பஸ்ஸையே சட்டென்று நிறுத்துகிறவளுக்கு, அந்த ஒரு சொல்லை நிறுத்தத் தெரியவில்லை.