காற்றுத்துளையில் ஒரு கைலி

பாம்பன் படகுத்துறையில் கால் வைத்தபோதே மெக்கானிக் பால்சாமிக்கு அந்தச் சத்தம் கேட்டது. நான்கு கீச்சுகள். சிறு இடைவெளி. மறுபடி நான்கு.

"இன்னைக்கும் ஆரம்பிச்சிருச்சா, பாய்?"

ரிஃபாய் தலையில் அடித்துக்கொண்டான். துபாயிலிருந்து திரும்பி, பழைய விசைப்படகு ஒன்றை வாங்கிச் சுற்றுலாப் படகாக மாற்றியவன். கேபின் சுவரில் விஷப்புகை அலாரமும் மாட்டினான். கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காத கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் கத்தும் கருவி. என்ஜினைப் போட்டாலே கத்துகிறது. பேட்டரி மாற்றியாயிற்று. அலாரத்தையே மாற்றியாயிற்று. சைலன்சர் குழாயைக் கழற்றி வெல்டிங் வைத்தும் பார்த்தாயிற்று. இன்று பிற்பகல் மகள் மின்ஹாவை முதல் சவாரிக்கு அழைத்துப்போவதாக வேறு சொல்லித் தொலைத்திருந்தான்.

பால்சாமி கேபினுக்குள் குனிந்தார். டீசல் வாடை. அதற்கடியில் ஈரத்துணி வாடை. கூரையோரக் காற்றுத்துளையைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார்.

மறுபடியும் அதில் நீலக்கட்டக் கைலி ஒன்று சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது.

"புகை போக இருக்கிறதே இந்த ஒரு ஓட்டைதான். அதையும் ஏன் அடைக்கிறீக?"

"நான் எங்க அடைச்சேன்? நேத்து நீங்கதானே பிடுங்கிக் கடல்ல வீசுனீக."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் கூரைத் தகரம் கொதித்தது. கைலி மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது.

பால்சாமி தயங்கித்தான் சொன்னார். முந்தைய ஓனரிடம் மீன்பிடிக்கப் போன நாகேந்திரன், வாடைக்காற்றின் குளிர் தாங்காமல் இந்தத் துளையைத் தன் கைலியால் அடைத்துவிட்டு, என்ஜின் ஓட ஓட உள்ளே படுத்தான். எழுந்திருக்கவேயில்லை.

"இதை விக்கும்போது யாரும் சொல்லலையேண்ணே."

"சொன்னா வாங்குவீகளா?"

ரிஃபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. துளைக்கு இரும்பு வலை வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னான். கைலியைக் கரையில் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தினான். என்ஜினை ஓடவிட்டார்கள்.

அலாரம் வாயே திறக்கவில்லை.

பிற்பகலில் படகு கிளம்பியது. சுக்கானைப் பால்சாமி பிடித்தார். பாலத்தைத் தாண்டியதும் மின்ஹா வெயில் சுடுகிறதென்று கேபினுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் ஒரு கீச்சுகூட இல்லை. சனியன் ஒழிந்தது என்றார் பால்சாமி. ரிஃபாயும் சிரித்தான்.

சிரித்தபடியே கேபின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். அலாரம் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு மின்னவேண்டும்.

சுவரில் விளக்கு இல்லை.

அலாரமே இல்லை.

கதவு இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தான். உள்ளே எங்கிருந்தோ, தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் சத்தம்.

கீச். கீச். கீச். கீச்.

அண்ணாந்து பார்த்தான். வெல்டிங் விடவில்லை. ஆனால் வலைக்கு அப்பால், துளைக்குள், நீலக்கட்டக் கைலி மூட்டை. அதன் நடுவே அலாரத்தின் சிவப்பு விளக்கு துடித்தது.

"என்ஜினை நிறுத்துங்கண்ணே!"

மின்ஹாவை வாரித் தூக்கி வெளியே ஓடிவந்தான். கன்னத்தைத் தட்டினான். தண்ணீர் தெளித்தான். ஒரு பெரிய மூச்சு. பிறகு இருமல்.

"வாப்பா... தலை வலிக்குது."

அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். என்ஜின் நின்றிருந்தது. கடலில் இலையசையும் காற்றுகூட இல்லை.

அவன் அகலத் திறந்துவிட்டு வந்த கேபின் கதவு, குளிருக்கு யாரோ இழுத்துச் சாத்துவதுபோல், உள்ளிருந்து மெதுவாக மூடிக்கொண்டது.